அலுவலக நெட்வொர்க்கில் காரணம் தெரியாத டிராஃபிக்: ஊற்றைத் தேடிப் பிடிப்பது எப்படி

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று புகார் வந்ததும் பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது ரவுட்டரின் பவர் பட்டனுக்குத்தான். அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இதற்குள் ரவுட்டர் வைத்திருந்த எண்ணிக்கைகள், யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற பட்டியல், லாக் எல்லாம் அழிந்திருக்கும். தடயத்தை நாமே கழுவிவிட்ட கணக்குதான். அதனால் முதல் விதி: எதையும் அணைக்காதீர்கள். மணி என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, "எந்த சாஃப்ட்வேர் இதைச் செய்கிறது?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பது. அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், எந்த மடை திறந்து கிடக்கிறது என்று வாய்க்காலோடு நடந்து பார்ப்போம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். முதலில் டிராஃபிக் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அது நுழையும் ஸ்விட்ச் போர்ட் (கருவிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியில் உள்ள துளை), அந்தப் போர்ட்டில் இருக்கும் கருவி, கடைசியாக அந்தக் கருவியில் ஓடும் புரோகிராம். வரிசையைத் தாண்டிக் குதித்தால் சந்தேகப்பட்ட ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டு ஒரு நாள் போய்விடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டின் அட்மின் பாஸ்வேர்டு, கேபிள் சொருகும் ஈத்தர்நெட் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், அதில் வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்), ஒரு பேட்ச் கேபிள், ஒரு நோட்டு. இவற்றோடு நிர்வாகத்தின் அனுமதி. பேக்கெட்டுகளை, அதாவது டேட்டா போகும் சிறு துண்டுகளை, பிடித்துப் பார்ப்பது மற்றவர்களின் தகவல் தொடர்பைப் பார்ப்பதுதான். எழுத்தில் வாங்கிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

பிட்டா, பைட்டா?

லைனின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். ஒரு பைட் என்பது 8 பிட். 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) லைன் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். இந்த எட்டு மடங்கை மறந்து, இல்லாத திருடனைத் தேடியவர்கள் நிறைய உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை 50 ஜிபி வெளியே போயிருப்பதாக ரவுட்டர் காட்டுகிறது. 50 ஜிபி என்பது 400 ஜிகாபிட். 10 மணி நேரம் என்பது 36,000 வினாடி. வகுத்தால் சுமார் 11 எம்பிபிஎஸ். அப்லோடு வேகம் 12 எம்பிபிஎஸ் உள்ள லைனாக இருந்தால், இரவு முழுக்க ஏதோ ஒன்று லைனை மூச்சுமுட்ட நிரப்பியிருக்கிறது. 200 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனாக இருந்தால் யாருக்கும் உறைத்தே இருக்காது. மொத்த ஜிபியை வைத்துப் பயப்படாதீர்கள். அதை வேகமாக மாற்றிய பிறகு பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

முதல் கேள்வி: வெளியே போகும் லைனிலா, உள்ளுக்குள்ளேயா?

கேபிளில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பிங் (செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கும் சோதனை) ஓடவிடுங்கள்: ஒன்று அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வருக்கோ பிரிண்டருக்கோ, இன்னொன்று ரவுட்டரைத் தாண்டி வெளியே உள்ள ஒரு முகவரிக்கு. வைஃபையில் இருந்து இதைச் செய்ய வேண்டாம். அலைவரிசை நெரிசலையும் நெட்வொர்க் நெரிசலையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

உள்ளே போகும் பிங் 1 மில்லி செகண்டுக்குள் ஒழுங்காக வந்து, வெளியே போவது மட்டும் 300, 500 என்று எகிறினால், நிரம்பியிருப்பது இணைய லைன். உள்ளே போவதே தள்ளாடினால், பாதியில் விழுந்தால், கோளாறு உங்கள் ஸ்விட்ச்சுகளுக்குள். ரவுட்டரை மட்டும் பிங் செய்து முடிவுக்கு வராதீர்கள். பல ரவுட்டர்கள் தன் வேலை போக மிச்ச நேரத்தில்தான் பிங்குக்குப் பதில் சொல்லும்.

இணைய லைன்தான் என்றால் டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். புதியவர்கள் டவுன்லோடு கிராஃபை மட்டும் பார்த்துவிட்டு "லைன் காலியாகத்தானே இருக்கிறது" என்பார்கள். டிசிபி என்ற அனுப்பும் முறையில் எந்த டேட்டா உள்ளே வந்தாலும் "கிடைத்தது" என்ற ஒப்புகைப் பேக்கெட் வெளியே போக வேண்டும். அப்லோடு நிரம்பியிருந்தால் அந்த ஒப்புகைகள் வரிசையில் மாட்டிக்கொள்ளும், அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். 100 எம்பிபிஎஸ் டவுன்லோடு, 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வீடியோ ஃபைலை மேலே ஏற்றினால் போதும், அலுவலகமே டவுன்லோடு வரவில்லை என்று புலம்பும்.

அடுத்து ரவுட்டரின் வெளிப்பக்கக் கணக்கையும் உள்பக்கக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளியிலிருந்து 80 எம்பிபிஎஸ் வருகிறது, உள்ளேயும் கிட்டத்தட்ட 80 இறங்குகிறது என்றால் உள்ளே யாரோ இழுக்கிறார்கள். 80 வருகிறது, உள்ளே 5 மட்டும்தான் போகிறது என்றால் மீதி ரவுட்டரிலேயே மோதி விழுகிறது, அது வெளியிலிருந்து வரும் தாக்குதலாக இருக்கலாம். உள்ளிருந்து ஒன்றும் வராமலே வெளியே கொட்டுகிறது என்றால் அனுப்புவது ரவுட்டரேதான். இந்த மூன்றாவது வகையைப் பலர் யோசிப்பதே இல்லை.

போர்ட்டைப் பிடித்தல்

மேனேஜ்டு ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு முறை குறித்துக்கொண்டு, சரியாக 60 வினாடி கழித்து மறுபடி குறியுங்கள். கழித்து, 8-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் பிட் வேகம். முதல் எண் 1,48,23,00,000, இரண்டாவது 1,55,58,00,000 என்றால் வித்தியாசம் 7,35,00,000 பைட், அதாவது 9.8 எம்பிபிஎஸ்.

பழைய ஸ்விட்ச்சுகளில் இந்த எண்ணி 32 பிட் கொண்டதாக இருக்கும். 429 கோடியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். ஜிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் 34 வினாடியிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும், 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 5 நிமிடம் 43 வினாடி ஆகும். இரண்டாவது எண் முதலாவதை விடச் சிறியதாக இருந்தால் காரணம் இதுதான். 64 பிட் எண்ணி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் 10 வினாடி இடைவெளியில் அளவெடுங்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த எண்கள் ஸ்விட்ச்சின் பார்வையில் எழுதப்பட்டவை. ஏழாவது போர்ட்டில் "உள்ளே" அதிகம் என்றால், அந்தப் போர்ட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அனுப்புகிறது என்று பொருள். 24 போர்ட் ஸ்விட்ச்சில் அப்லிங்க் (ரவுட்டரையோ மேல் ஸ்விட்ச்சையோ நோக்கிப் போகும் கேபிள்) 24-ல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்லோடு திருடன் ஒருவர் இருந்தால் 7-ல் உள்ளே 9.8, 24-ல் வெளியே 10 என்று ஒரு ஜோடி தென்படும். மற்ற போர்ட்டுகள் கீழே தூங்கிக்கொண்டிருக்கும். டவுன்லோடு என்றால் அப்படியே தலைகீழ். மாறாக, எல்லா போர்ட்டுகளிலும் "வெளியே" கணக்கு ஒரே அளவில் எகிறி நிற்கிறதென்றால் அது ஒரு ஆளின் வேலையல்ல. ஸ்விட்ச் எல்லோருக்கும் ஒரே சரக்கை விநியோகித்துக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை, கீழே வருகிறது.

பைட்டோடு பேக்கெட் எண்ணிக்கையையும் குறித்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். சராசரி 1,200-க்கு மேல் இருந்தால் ஃபைல், வீடியோ, பேக்கப் போன்ற கனமான சரக்கு. சராசரி 60 முதல் 100 பைட் என்றால் ஒப்புகைகள், ஸ்கேன், தாக்குதல், ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி யாருடையது என்று கேட்கும் செய்தி) வெள்ளம் இவற்றில் ஒன்று. மெகாபிட் கணக்கில் சாதுவாகத் தெரிந்தாலும் சிறிய பேக்கெட்டுகள் சின்ன ரவுட்டரைத் திணறடித்துவிடும். 100 எம்பிபிஎஸ் லைனை 64 பைட் ஃப்ரேம்களால் (ஈத்தர்நெட்டில் பேக்கெட்டைச் சுமக்கும் உறைகளால்) நிரப்பினால் வினாடிக்கு 1,48,810 பேக்கெட். ஒவ்வொன்றையும் ரவுட்டர் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அப்லிங்க் இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போகிறதென்றால் அங்கே போய் இதையே திரும்பச் செய்யுங்கள். எண்ணிக்கை காட்டாத சாதா ஸ்விட்ச் என்றால் வேறு வழியில்லை. மதிய இடைவேளையில் பாதி கேபிள்களை உருவி, அப்லிங்கில் வேகம் விழுகிறதா என்று பார்த்து, விழுந்த பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். 16 கேபிள் என்றால் நான்கே முயற்சியில் முடியும். உருவும் முன் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டுவதை மட்டும் மறக்காதீர்கள். கேபிளை இடம் மாற்றிச் சொருகி, இருந்த கோளாறோடு புதிதாக ஒரு லூப்பையும் (வட்டப் பாதையையும்) உருவாக்குவது அடிக்கடி நடப்பது.

எல்லா விளக்கும் சேர்ந்து மின்னினால்

ரேக்கின் முன்னால் நின்று பாருங்கள். சாதாரணமாக ஸ்விட்ச் விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மின்னும். எல்லாமே ஒரே நேரத்தில் படபடவென்று, கிட்டத்தட்ட அணையாமல் எரிந்தால் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) புயல் என்று முதல் சந்தேகம் கொள்ளலாம். ஐபி பேக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் ஆயுள் எண் (டிடிஎல்) உண்டு. ஈத்தர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் இல்லை. அதனால் ஸ்விட்ச்சுகளுக்கு இடையே வட்டமாக ஒரு பாதை உருவாகிவிட்டால், "எல்லோருக்கும்" என்று போன ஒரு ஃப்ரேம் சாகாமல் சுற்றிச் சுற்றி வந்து பெருகும்.

வட்டம் எப்படி வருகிறது? மேசைக்கடியில் தொங்கும் கேபிளைப் பார்த்து "கழன்று கிடக்கிறதே" என்று யாரோ நல்லெண்ணத்தோடு சுவரில் சொருகுவதால்தான் பெரும்பாலும். மேசைமேல் இருக்கும் ஐபி போனில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று சுவருக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. இரண்டையும் சுவரில் சொருகிவிட்டால் முடிந்தது. கூட்ட அறையில் வைத்த ஐந்து போர்ட் ஸ்விட்ச்சில் ஒரே கேபிளின் இரு முனைகளும் சொருகப்பட்டிருப்பதும் வழக்கமான காட்சி.

இதை உறுதி செய்ய மிரர் போர்ட் (இன்னொரு போர்ட்டின் டிராஃபிக்கை நகலெடுத்துத் தரும் போர்ட்) எதுவும் தேவையில்லை. புயல் எல்லோருக்கும் போவதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் வயர்ஷார்க்கைத் திறந்து 10 வினாடி பிடித்தால் போதும். சின்ன அலுவலகத்தில் பிராட்காஸ்ட் வினாடிக்கு ஒரு சில, மிஞ்சினால் சில பத்துகள்தான் இருக்கும். புயலில் அது ஆயிரக்கணக்கில் ஓடும், அதுவும் ஒரே ஏஆர்பி கேள்வி அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வரும். ஸ்விட்ச் லாகில் ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) 11-ஆம் போர்ட்டுக்கும் 18-ஆம் போர்ட்டுக்கும் மாறி மாறித் தாவுவதாகச் செய்தி இருக்கும். அந்த இரண்டு போர்ட்டுகள்தான் வட்டத்தின் வாய்கள். எண்ணிக்கைப் பக்கத்திலும் அப்படியே: எல்லா போர்ட்டிலும் "வெளியே" உயர்ந்திருக்க, "உள்ளே" உயர்ந்திருப்பது அந்த ஒன்றிரண்டில் மட்டும்.

அந்த இரண்டு போர்ட்டுகளில் ஒன்றை மட்டும் முடக்குங்கள். புயல் உடனே அடங்கினால் அந்தக் கேபிளின் மறுமுனை வரை கையால் தடவிப் போய்ப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் எது குற்றவாளி என்று தெரியாது.

திரும்ப வராமலிருக்க: ஸ்பேனிங் ட்ரீ (வட்டத்தைக் கண்டுபிடித்து ஒரு பாதையை முடக்கும் வசதி) ஓட வேண்டும், மேசைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்டும் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறப்பது) பிபிடியு கார்டும் (ஸ்பேனிங் ட்ரீ செய்தி உள்ளே வந்தால் போர்ட்டை மூடுவது) இருக்க வேண்டும். ஸ்டார்ம் கன்ட்ரோல் இருந்தால் பிராட்காஸ்டுக்கு 1 சதவீதம் என்று வரம்பு வையுங்கள், ஜிகாபிட் போர்ட்டில் அது 10 எம்பிபிஎஸ், அலுவலகத்துக்குத் தாராளம். சில மலிவு ஸ்விட்ச்சுகள் ஸ்பேனிங் ட்ரீயின் செய்திகளை விழுங்கிவிடும். அவற்றுக்குப் பின்னால் உருவாகும் வட்டம் மேல் ஸ்விட்ச்சின் கண்ணில் படாது. அதற்கு லூப் டிடெக்ஷன் என்ற தனி வசதி வேண்டும்.

புயல் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் போகிறது

இதுதான் அனுபவசாலிகளையும் அலைய வைப்பது. எல்லா போர்ட்டிலும் ஒரே அளவு டிராஃபிக், ஆனால் பிடித்துப் பார்த்தால் பிராட்காஸ்ட் இல்லை. உங்கள் லேப்டாப்புக்குச் சம்பந்தமே இல்லாத, வேறு யாரோ இருவர் பேசிக்கொள்ளும் பேக்கெட்டுகள் வந்து விழுகின்றன.

ஸ்விட்ச் ஒரு மேக் முகவரியை, அந்தக் கருவி பேசும்போதுதான் கற்றுக்கொள்கிறது. பேச்சு நின்றால், வழக்கமாக 300 வினாடியில் மறந்துவிடுகிறது. மறந்த முகவரிக்கு ஃப்ரேம் வந்தால் "எங்கே இருக்கிறதோ தெரியவில்லை" என்று எல்லா போர்ட்டிலும் அனுப்பிவைக்கும். ஆனால் சிஸ்கோ ரவுட்டர் ஏஆர்பி பதிவை இயல்பாக 4 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். லாக்குகளை, ஒப்புகை கேட்காத யுடிபி முறையில் வாங்கிக்கொண்டு வாயே திறக்காத ஒரு சர்வர் இருக்கிறதென்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். ரவுட்டருக்கு நினைவிருப்பதால் மறுபடி விசாரிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வருக்கு வரும் மொத்த லாகும் ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சேரும். தீர்வு எளிது: ரவுட்டரின் ஏஆர்பி காலத்தை 300-க்குக் கீழே, 270 என்பது போல இறக்குங்கள், அல்லது அந்த சர்வரை நிமிடத்துக்கு ஒரு முறை யாரையாவது பிங் செய்ய வையுங்கள்.

போர்ட்ஃபாஸ்ட் போடாத மேசை போர்ட்டுகளும் இதையே செய்யும். யாராவது கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் "வரைபடம் மாறிவிட்டது" என்று ஸ்விட்ச்சுகள் ஒன்றுக்கொன்று சொல்லி, முகவரிகளை 15 வினாடியிலேயே மறக்கத் தொடங்கும். ஸ்பேனிங் ட்ரீ பக்கத்தில் டோபாலஜி (இந்த வரைபடம்) மாற்ற எண்ணிக்கை நாளுக்கு நூறு என்று ஏறிக்கொண்டே போனால் இங்கே பாருங்கள்.

ஒரே டேட்டாவைப் பல கருவிகளுக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்டும் இந்த வகைதான். கேமரா, ஐபி டிவி, ஒரே நேரத்தில் பல கம்ப்யூட்டருக்கு இமேஜ் போடும் மென்பொருள் எல்லாம் இதைப் பயன்படுத்தும். ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்டவர்களின் போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் வசதி) அணைந்திருந்தால் எல்லா போர்ட்டுக்கும் கொட்டும். வைஃபையில் இது பெரும் தொல்லை. மல்டிகாஸ்டை ஆக்சஸ் பாயின்ட் மெதுவான அடிப்படை வேகத்தில்தான் ஒலிபரப்பும் என்பதால் 4 எம்பிபிஎஸ் வீடியோ ஒன்றே காற்றை அடைத்துவிடும். ஸ்னூப்பிங்கை இயக்கும்போது குவெரியர் (யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்பது) ஒன்றையும் இயக்க வேண்டும். இல்லையென்றால் படம் நான்கு நிமிடம் சொச்சம் ஓடி, 260 வினாடியில் நின்றுவிட வாய்ப்புண்டு. "ஸ்னூப்பிங் போட்டால் கேமரா வேலை செய்யாது" என்ற வதந்தி பிறந்த இடம் இதுதான்.

போர்ட்டிலிருந்து கருவிக்கு

குற்றவாளி போர்ட் ஒன்று என்று முடிவானதும் ஸ்விட்ச்சின் மேக் அட்டவணையில் அந்தப் போர்ட்டைத் தேடுங்கள். ஒரே முகவரி இருந்தால் ஒரு கருவி, நான்கைந்து இருந்தால் பின்னால் இன்னொரு ஸ்விட்ச்சோ ஆக்சஸ் பாயின்டோ உண்டு. அந்த மேக்கை ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலிலும் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) பட்டியலிலும் தேடினால் ஐபியும் கம்ப்யூட்டர் பெயரும் கிடைக்கும். பெயர் இல்லையென்றால் மேக்கின் முதல் மூன்று பைட் தயாரிப்பாளரைச் சொல்லும். கேமராவா, பிரிண்டரா, லேப்டாப்பா என்று ஊகிக்க அது போதும்.

வைஃபையில் இந்த வித்தை பலிக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாகவே பொய் மேக் முகவரியோடுதான் இணைகின்றன. முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்தது அல்ல.

இன்னொரு ஒளிவிடம்: யாரோ சொந்தமாகக் கொண்டுவந்து சொருகிய சின்ன வைஃபை ரவுட்டர். பின்னால் பத்து போன் இருந்தாலும் வெளியே ஒரே மேக், ஒரே ஐபி. காட்டிக்கொடுப்பது, முன்பு சொன்ன ஆயுள் எண். விண்டோஸ் அனுப்பும் பேக்கெட் 128 என்று தொடங்கும். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் 64. அதே ஸ்விட்ச்சில் இருக்க வேண்டிய கருவியிடமிருந்து 127, 63 என்று வந்தால் நடுவில் ஒரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது.

பேக்கெட்டைப் பிடித்தல்

புதியவர் தன் கம்ப்யூட்டரில் வயர்ஷார்க்கை ஓட்டி, "ஒன்றும் இல்லையே" என்பார். ஸ்விட்ச் மற்றவர்களின் உரையாடலை அவருக்கு அனுப்பாது, அதுதான் ஸ்விட்ச்சின் வேலையே. சந்தேக போர்ட்டின் நகலை உங்கள் லேப்டாப் இருக்கும் போர்ட்டுக்கு மிரர் செய்ய வேண்டும். ஒரு ஜிகாபிட் போர்ட் இரு திசையிலும் சேர்த்து 2 ஜிகாபிட் வரை ஓட முடியும், மிரர் போர்ட்டில் வெளியே வருவது 1 மட்டும். மிகுந்தது சொல்லாமல் விழும். வயர்ஷார்க்கில் பேக்கெட் காணவில்லை என்றால் அது நெட்வொர்க்கில் தொலைந்ததா, மிரரில் தொலைந்ததா என்று யோசித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

ஃபைல் ஒன்றாகப் பெருத்துவிட்டால் லேப்டாப் திணறும். கேப்சர் ஆப்ஷன்ஸில் 100 எம்பிக்கு ஒரு புது ஃபைல், மொத்தம் 10 ஃபைல், நிறைந்ததும் பழையதன்மேல் எழுது என்று அமைத்தால் இரவு முழுக்க விடலாம். ஒவ்வொரு பேக்கெட்டிலும் முதல் 128 பைட் மட்டும் எடுத்தால் யார் யாரோடு என்பது தெரியும், மற்றவர்களின் உள்ளடக்கமும் பெரும்பாலும் உங்கள் டிஸ்க்கில் தங்காது. ஒரே குறை: பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது போகும் சர்வர் பெயர் அந்த வெட்டில் போய்விடும். பெயர் வேண்டுமானால் சில வினாடி மட்டும் முழுதாகப் பிடியுங்கள், அல்லது சற்று முன் போன டிஎன்எஸ் கேள்விகளை (ஒரு பெயருக்கு ஐபி எது என்று கேட்பவை) பாருங்கள்.

பிடித்த பிறகு ஒவ்வொரு வரியாக வாசிக்காதீர்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் கான்வர்சேஷன்ஸைத் திறந்து, ஐபி தாவலில் பைட் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் முதல் மூன்று வரியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

கருவிக்குள் என்ன ஓடுகிறது

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் தாவல் போதும். எந்தப் புரோகிராம் வினாடிக்கு எத்தனை பைட் அனுப்புகிறது, எந்த முகவரிக்கு என்று காட்டும். புரோசஸ் எண் (பிஐடி) 4 உள்ள சிஸ்டம் என்ற பெயர் மேலே நின்றால் அது பெரும்பாலும் ஃபைல் ஷேரிங். எஸ்விசி ஹோஸ்ட் என்று வந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கத்தில் எந்தச் சேவை என்று பாருங்கள். லினக்ஸில் நெட்ஹாக்ஸ், ஆப்பிள் மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்.

பெரும்பாலும் கிடைப்பது சதியல்ல, சோம்பேறித்தனமான அமைப்பு. முதலிடம் கிளவுட் ஒத்திசைவுக்கு. மெயில் சேமிக்கும் பெரிய ஃபைலோ, கணக்குப் பதிவு டேட்டாபேஸோ ஒத்திசைவு ஃபோல்டருக்குள் கிடந்தால், உள்ளே ஒரு வரி மாறினாலும் சில மென்பொருள்கள் முழு ஃபைலையும் மறுபடி ஏற்றும். 8 ஜிபி ஃபைலை 10 எம்பிபிஎஸ் லைனில் ஏற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அது முடிவதற்குள் ஃபைல் மறுபடி மாறியிருக்கும். முடிவே இல்லை. அந்த ஃபைலை ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து, இரவு பேக்கப்பில் சேருங்கள்.

அடுத்து விண்டோஸ் அப்டேட். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவற்றோடு பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷன் 7680 போர்ட்டில் பேசும் (இங்கே போர்ட் என்பது ஸ்விட்ச்சின் துளை அல்ல, கருவிக்குள் எந்தச் சேவை என்று பிரிக்கும் எண்). "இணையத்தில் உள்ள கணினிகளோடும்" என்று அமைந்திருந்தால் உங்கள் அப்லோடு ஊருக்கெல்லாம் தானம். உள் நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள். கேமரா ரெக்கார்டரும் கவனிக்க வேண்டியது: 4 எம்பிபிஎஸ் வீதம் அமைத்த 16 கேமரா சேர்ந்தால் இடைவிடாமல் 64.

இனி மோசமான வகை. ஒரு கம்ப்யூட்டர் நூற்றுக்கணக்கான முகவரிகளுக்குச் சிறிய பேக்கெட்டாக அனுப்புகிறது, பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வருவதில்லை. ஏஆர்பி கேள்விகள் 1, 2, 3 என்று முகவரி வரிசையிலேயே போகின்றன, அல்லது ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட்டைத் தட்டிக்கொண்டே போகிறது. இது அடுத்த வீட்டைத் தேடும் கிருமி. 25-ஆம் போர்ட்டில் பல மெயில் சர்வர்களுக்குப் போனால் ஸ்பேம். அலுவலக வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு முகவரிக்கு நள்ளிரவில் சீராக அப்லோடு போனால் டேட்டா திருட்டாகவும் இருக்கலாம். நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் மின்சாரத்தோடு போய்விடும். சுத்தம் செய்வதற்கு முன் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்.

ரவுட்டரே குற்றவாளி என்றால்

வெளியே கொட்டுவது ரவுட்டர்தான் என்று முன்பு கண்டுபிடித்திருந்தால், இணையப் பக்கத்திலிருந்து யுடிபி 53, 123, 1900 போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று மொபைல் டேட்டா வழியாகச் சோதியுங்கள். யாரோ மூன்றாவது ஆளின் முகவரியைப் போலியாக இட்டுச் சின்னக் கேள்வி கேட்பார்கள், உங்கள் ரவுட்டர் பெரிய பதிலை அந்த அப்பாவிக்கு அனுப்பும். பழைய என்டிபி (நேரம் சொல்லும்) சேவையில் ஒரே ஒரு சிறு கேள்விக்கு 600 முகவரிகள் வரை பட்டியல் போகும். வெளிப்பக்கத்தில் அந்தச் சேவைகளை மூடுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். தொழிற்சாலையில் இட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கொண்டே 2016-ல் மிராய் என்ற கிருமி தன் படையைத் திரட்டியது. உங்கள் ரெக்கார்டருக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் இன்றே மாற்றுங்கள்.

வெளியிலிருந்து வெள்ளம் வருகிறதென்றால் உங்கள் ஃபயர்வாலில் தடுத்துப் பயனில்லை. லைன் ஏற்கெனவே நிரம்பிய பிறகுதான் பேக்கெட் ஃபயர்வாலுக்கே வருகிறது. இணைய சேவை நிறுவனத்தை அழையுங்கள். தொடங்கிய நேரம், தாக்கப்படும் ஐபி, புரோட்டோகால், போர்ட் எண், வினாடிக்கு எத்தனை பேக்கெட் என்ற ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் "ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்ற முதல் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டலாம்.

நிறுத்திய பிறகு

காரணத்தை நிறுத்தியதும் அப்லிங்க் எண்ணிக்கையை மறுபடி 60 வினாடி அளந்து, முன்பு எழுதியதோடு ஒப்பிடுங்கள். பாதிதான் குறைந்திருந்தால் இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது. ஒத்திசைவும் அப்டேட்டும் ஒரே நாளில் சேர்ந்து வருவது சகஜம். முழுதாக விழுந்திருந்தால் 24 மணி நேரம் விட்டு, பேக்கப் ஓடும் நேரத்தையும் உள்ளடக்கி இன்னொரு முறை பாருங்கள். பிறகு மிரர் போர்ட்டை மறக்காமல் அணையுங்கள். அதில் நாளை யாராவது சாதாரண கம்ப்யூட்டரைச் சொருகிவிட்டு, நெட் வரவில்லை, விளக்கு மட்டும் ஓயாமல் மின்னுகிறது என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.